டெஸ்ஸாவுக்கு ஊர் வைத்த சீர்

மார்லீனா ஸ்டிடமைத் தெருவில் கண்டால் எங்கள் ஊர்ப் பதினாறு வயசுப் பிள்ளைகள் சந்துக்குள் ஒதுங்குவார்கள். பயமெல்லாம் இல்லை. பிடித்துக்கொண்டால் விடமாட்டாள், அவ்வளவுதான். பெட்ரோல் போட நின்றவனைப் பிடித்து, நுழைவுத் தேர்வுக்குப் பேர் கொடுத்தாயா என்று கேட்பாள். அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பான். சாவு வீட்டுக்குப் போனாலும், பெட்டியில் கிடப்பவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்த கையோடு, பேரப்பிள்ளைகளில் யார் என்ன வகுப்பு என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

மாவட்ட உயர்நிலைப் பள்ளியில் அவளுக்கு வேலையே அதுதான். பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் பண்ணுவது. யாரோ எங்கேயோ கொடுக்கிற மானியத்தில் நடக்கிற திட்டம். சம்பளம் சொற்பம், அறை பழைய பொருள் அறை, கார் அவளுடையது. கிழக்குக் கென்டக்கியின் இந்த மலைகளுக்கு நடுவே அந்தக் காரை அவள் ஓட்டிப் போகாத பள்ளம் இல்லை; மலையிடுக்கில் இருக்கிற குடியிருப்பை நாங்கள் பள்ளம் என்போம். சேற்றில் சிக்கிக்கொண்டு நிற்கும். டிராக்டர் வைத்து இழுத்துவிட வருகிறவனிடமும், உன் மகள் கணக்கில் கெட்டிக்காரியாமே என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவளுடைய வித்தை வேறு யாருக்கும் வராது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகக் கல்லூரி என்று வாயைத் திறப்பார்கள், காப்பி கூடக் கிடைக்காமல் திரும்புவார்கள். மார்லீனா முதலில் நாயை விசாரிப்பாள். பிறகு பீன்ஸ் காய்த்ததா, மச்சானின் கால் எப்படி இருக்கிறது, சுரங்கம் மறுபடியும் திறப்பதாகச் சொன்னார்களே என்று சுற்றிச் சுற்றி வருவாள். இரண்டாவது கோப்பை காப்பிக்குப் பிறகுதான் பிள்ளையின் பேச்சே வரும். அப்போது அந்த வீட்டுத் தாய்க்காரி மனசில் இருப்பது தானாக வெளியே வரும். படிக்கப் போனால் திரும்பி வரமாட்டாள் என்கிற பயம். சுரங்கங்கள் மூடின பிறகு போனவர்கள் யார் திரும்பினார்கள்? அதற்கு மார்லீனா சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் வரலையா?"

வந்தாள்தான். சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்த்தவரின் மகள் அவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மலைக்கு அந்தப்புறம் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு, விடுதிக் கட்டிலுக்குப் படுக்கை விரிப்பு நாம்தான் கொண்டு போகவேண்டும் என்று சொல்ல நாதியில்லை. வெறும் மெத்தையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறாள். பக்கத்து அறைப் பெண்களிடம் கேட்கக் கூச்சம். அதனால்தான் தன் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பாள். விரிப்பு என்ன அளவு வாங்க வேண்டும், பேராசிரியரை எப்படிக் கூப்பிட வேண்டும், அலுவலகத்துக்கு போன் போட்டால் முதலில் என்ன சொல்ல வேண்டும், எல்லாம். அவள் அறையில் பிள்ளைகள் பொம்மை போனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பேசிப் பழகுவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அப்படிப் பழகினவர்கள் இன்று நர்சாக, வாத்தியாராக, கணக்காளராக இருக்கிறார்கள். இந்த நல்லதை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கையெழுத்து நாள் என்று ஒன்றைக் கொண்டுவந்ததும் அவள்தான். பந்து விளையாடுகிற பையன்களுக்கு எந்தக் கல்லூரி கிடைத்ததோ, அந்தக் கல்லூரித் தொப்பியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள், ஊரே ஆரவாரம் செய்யும். விளையாடுகிறவனுக்கு மட்டும் ஏன், படிக்கிறவளுக்கும் செய்வோம் என்றாள் மார்லீனா. மே மாதத்தில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மேசை போட்டு, மைக் வைத்து, கடைசி வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கூடைப்பந்துக்குத் தவிர வேறெதற்கும் நிரம்பாத கூடம் அன்று நிரம்பியது. வேலைக்குப் போகிற பூட்ஸோடு வந்த அப்பாக்கள் விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்கள். வயசான பெண்கள் அழுதார்கள். அதற்கு முன் எங்கள் ஊரில் படிப்புக்கு ஒருத்தரும் கை தட்டியதில்லை.

அந்தக் கைதட்டல் மார்லீனாவுக்குப் பிடித்துப்போனது. அதில்தான் கோளாறு ஆரம்பித்தது. அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டி, யார் எங்கே போகிறார்களோ அங்கே குண்டூசி குத்தினாள். ஊசி கூடக் கூட மானியம் கொடுப்பவர்கள் பாராட்டினார்கள். வருஷா வருஷம் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். பிள்ளையைப் பார்க்கும்போதே மார்லீனா ஊசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இதை அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

டெஸ்ஸா நேப்பியர் விஷயத்துக்கு வருகிறேன். ஆஷ்கேம்ப் பள்ளத்தின் கடைசி வீடு. தகப்பன் இண்டியானாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். அம்மா வாண்டா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டுகிற வேலை. தாயும் மகளும் மட்டும்தான் வீட்டில். பெண்ணோ படிப்பில் அப்படி ஒரு புலி. அவர்கள் பள்ளத்திலிருந்து அதுவரைக்கும் ஒருத்தரும் கல்லூரிக்குப் போனதில்லை. மார்லீனா இரண்டு வருஷமாக அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தேர்வுக்குக் காரில் அழைத்துப் போனாள், வழியில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் மலைக்கு அந்தப்புறம் இருக்கிற அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மார்லீனாதான் முதலில் அழுதாள், டெஸ்ஸா பிறகு.

ஏப்ரலில் வாண்டாவின் முதுகெலும்பு கைவிட்டது. கனமான ஒரு ஆளைத் தூக்கும்போது ஏதோ நழுவிவிட்டது. அறுவை சிகிச்சை என்றார்கள், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது என்றார்கள். வேலைக்குப் போகாத மாதத்துக்குச் சம்பளம் இல்லை. தாயும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்தார்கள். அழுது புலம்பி எடுத்த முடிவு இல்லை. எது முடியும், எது முடியாது என்று பார்த்து எடுத்தது. கையெழுத்து நாளுக்கு முதல் நாள் டெஸ்ஸா மார்லீனாவின் அறைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், நான் போகல. வரலைன்னு காலேஜுக்குச் சொல்லிட்டேன்."

மார்லீனா முதலில் சண்டை போட்டாள். பிறகு கெஞ்சினாள். வேறு வழி ஏதாவது இருக்கும் என்றாள். டெஸ்ஸா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஆள் வேணும் மிஸ் என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? மார்லீனாவுக்கும் புரிந்தது. அந்தப் பெண் செய்தது சரி என்றே பட்டது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் மறுநாள் மானியக்காரர்கள் வருகிறார்கள். ஆஷ்கேம்ப் பள்ளத்துப் பெண்ணைப் பற்றி மார்லீனா அவர்களிடம் முன்னமே பெருமையாக அளந்து வைத்திருந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பச்சைத் தொப்பி ஒன்று மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

"நாளைக்கு மட்டும் தொப்பியப் போட்டுக்க," என்றாள். "ஆகஸ்ட் வரைக்கும் நாள் இருக்கு. எது வேணா மாறலாம்."

"அது பொய் இல்லையா மிஸ்?"

"இடம் கெடச்சது பொய்யா? கெடச்சதுக்குத்தானே தொப்பி."

 அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று டெஸ்ஸா கேட்டாள். ஒரு போட்டோ விஷயம்தானே, வலியில் கிடக்கிறவளை எதற்கு இதைப் போய்ச் சொல்லித் தொந்தரவு பண்ணுகிறாய் என்று மார்லீனா சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் தனக்காக ஓடின மனுஷியிடம் மாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது எப்போதும் வராது. மார்லீனாவும் எங்கள் ஆள்தானே, அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள்.

மறுநாள் டெஸ்ஸா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். கூடம் எழுந்து நின்று கத்தியது. போட்டோவில் மார்லீனா அவள் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். டெஸ்ஸாவும் சிரிக்கத்தான் செய்கிறாள். அந்த வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் டெல்பர்ட் பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, நம்ம பிள்ளைக்குப் பவுண்டுச் சீர் வைக்கப்போகிறோம் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் புதுசாகக் குடித்தனம் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பவுண்டு சர்க்கரை, ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய் என்று கொண்டுபோய்க் கொடுத்ததால் வந்த பேர். இப்போது யாரும் மாவு கொண்டு வருவதில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் கொடுக்கிறவர்கள் அத்தனை பேர் முகத்திலும் அறைந்த மாதிரி. அதே சமயம் உரிமை இல்லாததை வாங்கிக்கொண்டால் அதைவிடக் கேவலம் இல்லை. இடுப்பில் பட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாண்டா மகளைத் திரும்பிப் பார்த்தாள். டெஸ்ஸா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீர் வைத்த அன்று சபையின் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. கோழிக் குழம்பில் மிதக்கிற மாவு உருண்டைகள், சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங், மேசை மேசையாக. இன்னொரு பக்கம் துண்டுகள், படுக்கை விரிப்புகள், இஸ்திரிப் பெட்டி, யாரோ கொண்டுவந்த குட்டி பிரிட்ஜ். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வந்த பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர், அங்க கரண்டு போனா என்ன பண்ணுவ என்று ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்தார். ஓமா என்கிற பெரியம்மா குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்த ஒட்டுப் போர்வையைக் கொண்டுவந்து டெஸ்ஸாவின் தோளிலேயே போர்த்திவிட்டாள். மார்லீனாவும் வெறுங்கையோடு வரவில்லை. விடுதிக் கட்டில் அளவுக்குச் சரியாகப் பார்த்து ஒரு ஜோடி விரிப்பு வாங்கி வந்திருந்தாள். யோசித்துப் பாருங்கள், இந்தப் பெண் எந்த விடுதிக் கட்டிலிலும் படுக்கப் போவதில்லை என்று அந்தக் கூடத்தில் தெரிந்த மூன்றாவது ஆள் அவள்.

மார்லீனாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். வாண்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. நீயாவது சொல்லிவிடேன் என்று கேட்கிற பார்வை அது. இப்போது சொன்னால் போதும், எல்லாரும் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், அத்தோடு போகும் என்று மார்லீனாவுக்கும் பட்டது. வாயைத் திறந்தாள். மலையைப் பார்த்து வளர்ந்த பெண் மலையைத் தாண்டிப் போகிறாள் என்று ஆரம்பித்து, வழக்கமாகப் பேசுவதைப் பேசி முடித்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டெஸ்ஸா தட்டில் இருந்த புட்டிங்கைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை.

வெளியே கார்களுக்கு நடுவில் வாண்டா மார்லீனாவைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இதையெல்லாம் நான் என்ன பண்றது?" என்றாள்.

டெஸ்ஸா ஜனவரியில் எப்படியும் போய்விடுவாள், அதற்கு ஏற்பாடு செய்துவிடலாம், சாமான் அது வரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்று மார்லீனா சமாளித்தாள். அப்படிச் சொல்லும்போது அவளே பாதி நம்பினாள். இந்த மாதிரிப் பாதி நம்பிக்கையில்தான் மனுஷர்கள் பெரிய அயோக்கியத்தனங்களைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆகஸ்டில் மற்ற பிள்ளைகள் காரில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். டெஸ்ஸா நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விலைக் கடையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கல்லாவில் நின்றாள். எங்கள் ஊரில் சாமான் வாங்க வேறு கடை இல்லை. துண்டு கொடுத்தவர், இஸ்திரிப் பெட்டி கொடுத்தவர், டார்ச் கொடுத்தவர் எல்லாரும் அவள் முன்னால்தான் கூடையை வைத்தாக வேண்டும்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டிருந்தால் பதில் சொல்லவாவது வழி இருந்திருக்கும். அதுவரை தங்கம், கண்ணு என்று கூப்பிட்டவர்கள் பேச்சில்லாமல் காசை வைத்தார்கள். இன்னொரு கல்லா திறந்திருந்தால் நீளமான வரிசையானாலும் அங்கே போய் நின்றார்கள். பின்னால் பேசினார்கள். பிரிட்ஜ் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே, அதற்காகத் தொப்பி மாட்டிக்கொண்டு ஊரையே ஏமாற்ற வேண்டுமா என்று பேசினார்கள். டெஸ்ஸா சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

செப்டம்பரில் வாண்டா முதுகுப் பட்டையோடு காரை எடுத்தாள். மருத்துவர் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். வீடு வீடாகப் போய், யார் என்ன கொடுத்தார்களோ அதை அவர்கள் கையில் கொடுத்து, "இது உங்களது" என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில்கூட உள்ளே வா என்று கூப்பிடவில்லையாம். மார்லீனாவின் விரிப்புகளும் உறை பிரிக்காமல் வீடு வந்து சேர்ந்தன. அவள் அப்போது பள்ளியில் இருந்தாள். கணவன் ராய்ஸ்தான் வாங்கி வைத்தான். "அந்தப் பொண்ணு இத ஏன் திருப்பிக் குடுத்துட்டுப் போறா?" என்று சாயங்காலம் கேட்டான்.  மார்லீனா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே ஆஷ்கேம்ப் பள்ளத்துக்குப் போனாள். இந்தத் தடவை நாயை விசாரிக்கவில்லை. வாண்டா அடுப்படியில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், காப்பி ஊற்றினாள். திட்டியிருந்தால் மார்லீனாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான்தான் தொப்பி போடச் சொன்னேன் என்று நீங்களாவது ஊரில் சொல்லியிருக்கலாமே என்று மார்லீனாவே மெதுவாகக் கேட்டாள்.

"டெஸ்ஸா சொல்றேன்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன்," என்றாள் வாண்டா. "உங்க வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு. அவளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க."

மார்லீனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு மாதமாக இந்த வீடு தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. தான் இவர்களுக்கு ஏதோ செய்துகொண்டிருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். 

வாண்டா அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தாள். "எங்ககிட்ட எதுவுமே இருந்ததில்ல மிஸ். அதுக்கு நாங்க கூசினது கெடையாது. ஆனா ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு ஒருத்தரும் எங்கள சொன்னதில்ல. இப்ப அவ தலைய நிமித்தி நடக்க மாட்டேங்கறா. காலேஜ் கெடக்கட்டும். அவ பேர மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் உடனே போகவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிறு தலைவலி, ஒரு ஞாயிறு விருந்தாளி. மானியக்காரர்கள் காதுக்குப் போனால் வேலை என்னாகும், அடுத்த வருஷப் பிள்ளைகளின் கதி என்ன என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடினாள். அக்டோபரில் ஒரு நாள் வாதம் எல்லாம் தீர்ந்துபோய், சபைக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாண்டா முன் வரிசையில் வழக்கமான இடத்தில் தனியாக இருந்தாள்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து மனசில் இருப்பதைச் சொல்லலாம். யாருக்கோ சர்க்கரை குறைந்திருந்தது, யாருடைய மகனோ சிறையிலிருந்து கடிதம் எழுதியிருந்தான். பிறகு மார்லீனா எழுந்தாள். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்ஸா நேப்பியர் உங்க யாரையும் ஏமாத்தல," என்றாள். "காலேஜுக்குப் போகலன்னு முந்தின நாளே எங்கிட்ட வந்து சொல்லிட்டா. நான்தான் தொப்பியப் போட வெச்சேன். போட்டோவுக்காக. அவங்க அம்மாவுக்கே அப்பத் தெரியாது. நீங்க சீர் வெச்ச அன்னிக்கு எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சுப் பேசினேன்."

 பாஸ்டர் டெல்பர்ட் மேடையிலிருந்து இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், அணை உடைந்தது. பாவிக்கு இரங்குவதில் எங்கள் சபையை மிஞ்ச ஆள் கிடையாது. வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஓமா பெரியம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பெரிய மனசும்மா உனக்கு என்றாள். அவள் வேலை செய்கிற இடத்துக்கு யாரும் புகார் எழுதப் போவதில்லை என்று தெரிந்தது. மார்லீனா வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே அந்தக் கடைக்குப் போனாள். நல்ல செய்தி சொல்லப் போகிற ஆளாகத்தான் போனாள், வெட்கக்கேடு. பாத்திரம் கழுவும் சோப்பு, பூனைக்குத் தீனி என்று எதையோ கூடையில் போட்டுக்கொண்டு டெஸ்ஸாவின் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. மஞ்சள் சட்டையில் டெஸ்ஸா இளைத்திருந்தாள்.

"நேத்து சபைல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் டெஸ்ஸா."

"அம்மா சொன்னாங்க மிஸ்." சோப்பை எடுத்துக் கருவியில் காட்டினாள், அது கீச்சென்றது. "எல்லாரும் உங்கள கட்டிப்பிடிச்சு அழுதாங்களாமே."

"ஆமா."

"அம்மா பெஞ்சுக்கு ஒருத்தரும் வரலையாம்." குரலில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பூனைத் தீனியை எடுத்துக் காட்டினாள். "உங்கள அரை மணி நேரத்துல மன்னிச்சுட்டாங்க. நான் ஆகஸ்ட்லருந்து இங்கயே நிக்கறேன்."

மார்லீனா நேற்றைய கூட்டத்தை நினைத்துப் பார்த்தாள். தோள் தோளாக மாறி மாறிச் சாய்ந்தது ஞாபகம் வந்தது. வாண்டா எங்கே இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தானும் திரும்பிப் பார்க்கவில்லை. சுமையை இறக்கி வைக்கப் போனவள், அதை இறக்கி வைத்ததோடு கிளம்பி வந்திருக்கிறாள். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தட்டியது. ஓமா பெரியம்மா. கையில் பிஸ்கெட் டப்பா.

"நேத்தெல்லாம் உன் நெனப்புதாம்மா," என்றாள். "அத்தன பேர் முன்னாடி எந்திரிச்சுச் சொல்றதுன்னா சும்மாவா? உன்ன நெனச்சா பெருமையா இருக்கு."

"எங்கிட்டச் சொல்லாதீங்க பெரியம்மா," என்றாள் மார்லீனா.  "சொல்ல வேண்டியவ இதோ நிக்கறா. அவகிட்டச் சொல்லுங்க."

ஓமா கல்லாவுக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். டெஸ்ஸாவும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும். ஓமாவின் உதடு ஏதோ சொல்லப் போவது போல அசைந்தது. பிறகு அவள் கண் கீழே இறங்கி, கையில் இருந்த டப்பாவில் போய் நின்றது.

"இந்த பிஸ்கெட்டுக்கு இன்னும் தள்ளுபடி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு பெரியம்மா," என்றாள் டெஸ்ஸா, மரியாதையாக. "சனிக்கிழமை வரைக்கும் இருக்கு."